பழைய மெட்டல் டிடெக்டரை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பக்கத்து வயல்களில் பதினொரு வருடமாக மெட்டல் டிடெக்டரோடு நடக்கிறேன். முதல் எட்டு வருடமும் ஒரே மெஷின்தான்: கேரட் கம்பெனியின் ஏஸ் 250. மஞ்சள் பெட்டி, நாலு டபுள்-ஏ பேட்டரி, வெள்ளிக் காசுக்கு மேல் காயில் (கம்பத்தின் நுனியில் இருக்கும், தரையை ஒட்டி வீசுகிற தட்டு) போனால் சின்னக் கோயில் மணியைச் சுண்டியது போல ஒரு ‘டிங்’. பிறகு மாற்றினேன். மாற்றியது சரிதான், ஆனால் மாற்றுவதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணங்களில் பாதி தப்பு. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்குக்கு இங்கே வந்திருக்கும் நம்மவர்கள் ‘மெஷினை மாத்தலாமா?’ என்று கேட்கும்போதெல்லாம் என் பதில் நீண்டுபோகிறது. கேட்டதையும் சொன்னதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் மெஷினுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. மாற்ற அது போதாதா?

போதாது. 2009 ஜூலையில் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஹேமர்விச் என்ற ஊருக்கு அருகே ஒரு வயலில் டெரி ஹெர்பர்ட் என்பவர் ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துப் புதையலைக் கண்டெடுத்தார். சுமார் 4 கிலோ தங்கம், வாள்பிடி அலங்காரங்கள், சிவப்புக் கல் பதித்த நுணுக்க வேலை. மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு என்று முடிவானது. அவர் கையில் இருந்தது 14 வருடப் பழைய மெஷின்.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. 1992 நவம்பரில் ஹாக்ஸன் கிராமத்து விவசாயி ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தரப் போனவர் எரிக் லாஸ். கையில், பணி ஓய்வுக்குப் பரிசாக வந்த டிடெக்டர். கிடைத்தது ரோமானிய ஆட்சியின் கடைசிக் காலத்துக் காசுகள், பொன்னும் வெள்ளியுமாக ஏறக்குறைய 15,000. அப்புறம் சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இரண்டு பேருமே சரியான வயலில் நின்றார்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வயலுக்கான அனுமதி, அதையும் ஐந்து வருடமாகச் சலித்தாயிற்று என்றால், 800 பவுண்டு மெஷின் தருவதைவிட இன்னொரு விவசாயியின் கதவைத் தட்டுவது அதிகம் தரும். அதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பிஸ்கட்.

புது மெஷின் இரண்டு மடங்கு ஆழம் பார்க்குமாமே?

இதை நானும் நம்பினேன். கணக்கு ஒத்துவராது. காயில் அனுப்பும் காந்தப்புலம் மண்ணுக்குள் போகப் போக, தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது. அது காசில் பட்டு, காசுக்குள் ஒரு சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் புலமும் மேலே வருகிற வழியில் அதே கணக்கில் தேய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. காயிலுக்கு ஓரளவு தள்ளி இருக்கிற ஒரு காசு அதைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குப் போனால், அதன் சிக்னல் 64ல் ஒரு பங்காகிவிடும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மெஷின் அனுப்பும் காந்தப்புலத்தை அப்படியே இரட்டிப்பாக்கினாலும் ஆழம் கூடுவது 12 சதவீதம்தான். 20 செ.மீ. பார்த்த மெஷின் 22 செ.மீ. சொச்சம் பார்க்கும். அதனால்தான் 1990களின் நல்ல மெஷின் ஒன்றை இன்றைக்கும் சுத்தமான மண்ணில் ஓட்டினால் ஆழத்தில் வெட்கப்படாமல் நிற்கிறது. உழுகிற வயலில் இந்த இரண்டு செ.மீ. பெரிய விஷயமும் இல்லை. இந்த வருடம் எட்டாதது அடுத்த உழவில் மேலே புரண்டு வரலாம்.

அப்படியானால் புது மெஷினுக்கு இத்தனை விலை எதற்கு?

இரும்புக் குப்பைக்கு நடுவே நல்ல காசைப் பிரித்துச் சொல்வதற்கு. ஆழத்தைவிட இதில்தான் கடந்த பதினைந்து வருடத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அக்டோபர் காலை, ரோமானியர் காலத்து வீடு ஏதோ இருந்திருக்கிற வயல். விதைத்து, உருளை ஓட்டி, தரை பாய் விரித்தாற்போல் இருக்கிறது. நான் ஏஸ் 250ஐ வீசிக்கொண்டு முன்னால் போகிறேன். நண்பர் பத்தடி பின்னால், என் காலடித் தடத்தின் மேலேயே, எக்ஸ்பி டியூஸ் என்ற புதுத் தலைமுறை மெஷினோடு வருகிறார். ‘இங்க வாங்க’ என்றார். அவர் மண்வெட்டி முனையால் காட்டிய இடத்தில் என் காயிலை நாலு தடவை வீசினேன். ஒன்றுமில்லை. இரும்பை ஒதுக்கும் அமைப்பை நீக்கிவிட்டு வீசினேன். இரும்புக்கான மந்தமான ‘டுப்’. தோண்டினோம். எட்டு செ.மீ. ஆழத்தில் வளைந்த ஆணி ஒன்று, துருவேறி விரல் பருமனுக்கு ஊதியிருக்கிறது. அதை ஒட்டி, சுண்டுவிரல் நகத்தளவு ரோமானிய வெண்கலக் காசு. நான் அதன் மேலேயே நடந்து போயிருக்கிறேன்.

காரணம் இதுதான். இரும்பின் சிக்னல் வந்ததும் மெஷின் வாயை மூடிக்கொள்கிறது. பழைய மெஷின்களுக்கு மறுபடி வாய் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் காயில் காசைத் தாண்டிவிடும். டியூஸ் 2009ல் வந்தபோது அதைப் பற்றி எல்லோரும் பேசியது ஒயர் இல்லாத காயிலைப் பற்றி. வயலில் இறங்கியவர்கள் பேசியது அது எவ்வளவு சீக்கிரம் மறுபடி வாய் திறக்கிறது என்பதைப் பற்றி.

உங்கள் மெஷின் எப்படி என்று வீட்டுத் தோட்டத்திலேயே பார்க்கலாம். ஒரு பழைய பென்னியைப் புல் மேல் வையுங்கள். 1991 அல்லது அதற்கு முந்தியதாக இருக்கட்டும். 1992லிருந்து பென்னி என்பது செம்பு முலாம் பூசிய இரும்பு, காந்தம் ஒட்டும், சோதனைக்கு ஆகாது. பக்கத்தில் ஒரு சாண் தள்ளி மூன்று அங்குல ஆணி. இரண்டின் மேலும் ஒரே வீச்சில் காயிலை ஓட்டுங்கள். ‘டிங்’ கேட்கும். ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசை நோக்கித் தள்ளுங்கள். ‘டிங்’ எப்போது செத்துப்போகிறதோ அந்த இடைவெளியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் மெஷினிலும் இதையே செய்யுங்கள். கடைக்காரர் பேச்சைவிட இந்த இரண்டு எண்கள் உபயோகமானவை. வயலிலும் இப்படித்தான்: நண்பருக்கு ஒரு நல்ல சிக்னல் வந்தால், தோண்டுவதற்கு முன்னால் உங்கள் காயிலை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கும் கேட்டால் மாற்ற அவசரமில்லை. பத்தில் நாலைந்து கேட்கவில்லை என்றால் யோசிக்கலாம்.

கடற்கரையில் என் மெஷின் பைத்தியம் பிடித்த மாதிரி கத்துகிறது. பழுதா?

காய்ந்த மணலில் ஒழுங்காக இருந்து, அலை நனைத்த மணலுக்கு வந்ததும் கத்துகிறதா? பழுது இல்லை. உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும்; ஆக ஒற்றை அதிர்வெண் மெஷினுக்கு ஈர மணல் முழுவதுமே ஒரு உலோகம் போலத் தெரிகிறது. மண்ணில் உள்ள இரும்புத் தாது ஒரு விதமான சிக்னல், உப்பு இன்னொரு விதம். ஒரே அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு ஒன்றைச் சமன் செய்தால் மற்றது துள்ளும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் மெஷின்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்துவிடுகின்றன.

சென்சிட்டிவிட்டியைக் குறைத்துச் சமாளிக்கலாம், சமாளித்திருக்கிறேன். ஃபெலிக்ஸ்டோ கடற்கரையில் ஏஸ் 250ஐப் பாதிக்குக் கீழே இறக்கினால்தான் அமைதியாகும். அப்போது அது பார்ப்பது ஒரு கையகல ஆழம்கூட இல்லை. மாதம் இரண்டு தடவை கடற்கரைக்குப் போகிறவர் என்றால் பல அதிர்வெண் மெஷினுக்கு மாறுங்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் ‘மாற்றுங்கள்’ என்பேன்.

பழைய மெஷின் என்றாலே ஒற்றை அதிர்வெண் என்று நினைத்துவிடவும் வேண்டாம். மைன்லேப் ஸாவரின் 1991லேயே பல அதிர்வெண்ணோடு வந்தது. அதை வைத்திருப்பவர் கடற்கரைக்காக எதையும் வாங்க வேண்டாம். கனத்துக்காக வேண்டுமானால் மாற்றலாம்.

கனம் ஒரு காரணமா? கேட்க வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் எதற்கு? ஆறு மணி நேரம் வீசுகிற தோள் உங்களுடையது. மைன்லேப் சிடிஎக்ஸ் 3030 சுமார் 2.3 கிலோ, அருமையான மெஷின், மதியத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. டியூஸ் ஒரு கிலோவுக்குள். வலி எடுத்ததும் காயில் தரையைவிட்டு மேலே போகும், ஓரங்களில் ஒரு சாண் உயரும். மேலே கணக்குப் போட்டோமே, அந்த ஆழமெல்லாம் அதில் போய்விடும். 55 வயதுக்கு மேல் மாற்றுகிறவர்களில் பலருக்கு நிஜக் காரணம் இதுதான், வாயால் சொல்வது வேறு.

புது மெஷின் தங்கம் என்று தனியாகக் காட்டிக் கொடுக்குமா?

காட்டாது, எந்த விலையிலும். திரையில் வரும் எண், புதைந்திருப்பது மின்சாரத்தை எப்படிக் கடத்துகிறது, எவ்வளவு பெரிது, என்ன வடிவம் என்பதெல்லாம் கலந்த ஒன்று. ஒரு பெண்ணின் மோதிரமும் குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஒரே எண்ணில் வந்து உட்காரும். மெல்லிய தங்கத் துண்டும் சாக்லேட் சுற்றிய தாளும் அப்படியே. அந்த எண்ணை ஒதுக்கினால் இரண்டும் போகும். ஒதுக்காவிட்டால் இரண்டையும் தோண்ட வேண்டும். மோதிரம் வேண்டும் என்கிறவர்கள் வளையங்களைப் பொறுக்கியே ஆக வேண்டும். எனக்கு இதுவரை கணக்கு: ஒரு கல்யாண மோதிரத்துக்கு முன்னால் இரண்டு பை நிறைய வளையம்.

ஏஸ் 250 வைத்திருக்கிறேன். ஏஸ் 300க்குப் போகலாமா?

வேண்டாம். 6.5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8 கிலோஹெர்ட்ஸுக்குப் போகிறீர்கள், திரையில் எண் வருகிறது, அவ்வளவே. எந்தக் கம்பெனியிலும் ஒரு படி ஏறுவதற்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் மெஷினால் அடியோடு முடியாத ஒன்றைச் செய்கிற மெஷினுக்குக் கொடுங்கள்.

மெஷினை வைத்துக்கொண்டு காயிலை மட்டும் மாற்றினால்?

இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஏஸ் 250க்கு 4.5 அங்குலத்தில் ஒரு சின்னக் காயில் உண்டு, ஸ்னைப்பர் என்பார்கள். உள்ளங்கை அகலம். அதன் கீழே ஒரு நேரத்தில் விழுகிற மண் குறைவு என்பதால் ஆணியும் காசும் ஒன்றாக மாட்டுவதும் குறைவு. ஆழம் குறையும், நடந்து முடிக்க நேரம் பிடிக்கும். ஆனால் அந்த ரோமானிய வயலில், நான் புது மெஷினுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குக்கு, கிடைக்காமல் போனதில் பாதியை எடுத்திருப்பேன். மாற்றிய பிறகு, பரணில் கிடந்த ஏஸுக்கு ஒரு வீம்புக்காக அதை வாங்கிப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரிய காயில் இதற்கு நேர் எதிர். குப்பை இல்லாத பெரிய வயலில், சீக்கிரம் அதிக இடம் பார்க்க நல்லது. ஆணி நிறைந்த இடத்தில் போட்டால் தலைவலி.

பின்பாயின்டர் இல்லாதவர் முதலில் அதை வாங்குங்கள். குழிக்குள் விட்டுத் துழாவும் கைக்குச்சி, கேரட்டின் ஆரஞ்சு நிறக் குச்சியை எல்லா வயலிலும் பார்க்கலாம். ஒரு குழிக்குப் பத்து நிமிடம் ஆவது இரண்டு நிமிடமாகும். ஒரு நாளில் தோண்டுகிற குழி இரட்டிப்பானால் அது எந்தப் புது மெஷினுக்கும் சமம். ஒரு நல்ல ஹெட்போனும் அப்படித்தான். மெல்லிய சிக்னல்கள் ஸ்பீக்கரில் காற்றோடு போய்விடும்.

சமீபமாகக் காரணமே இல்லாமல் பீப் அடிக்கிறது. வயதாகிவிட்டதா?

என் ஏஸ் ஏழாவது வருடம் இப்படித்தான் ஆனது. புல்லில் இடித்தால் கத்தும், காயிலைத் தூக்கினால் கத்தும். சரி, ஆயுசு முடிந்தது என்று புதுசுக்கு விலை பார்க்கவே ஆரம்பித்துவிட்டேன். ஒரு ஞாயிறு சும்மா உட்கார்ந்து காயிலுக்கு அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். ஏழு வருடமாகக் கழற்றியதே இல்லை. உள்ளே ஒரு கை மண், கசகசவென்று ஈரம், நடுவே துருப்பிடித்த கம்பித் துணுக்கு ஒன்று. கழுவித் துடைத்துப் போட்டேன். பீப்பில் முக்கால்வாசி போனது. மிச்சம், கம்பத்தைச் சுற்றி வரும் காயில் ஒயர் தளர்ந்து ஆடியதால் வந்தது. இரண்டு வெல்க்ரோ பட்டையில் அதுவும் நின்றது.

ஆகவே வாங்கும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். பேட்டரிப் பெட்டியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டுத் துடைத்து, உலரவிட்டு, புது பேட்டரி போடுங்கள். கையிலுள்ள போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். மின் கம்பிக்கு அடியிலும் மாட்டு வேலியில் ஓடும் மின்சாரத்துக்குப் பக்கத்திலும் எல்லா மெஷினும் உளறும். வேலி என்றால் கடிகாரம் போல ஒரே சீராக ‘டிக், டிக்’ என்று வரும், கண்டுபிடிப்பது சுலபம்.

என் மெஷினைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். அதற்காக மாற்றவா?

டெசோரோ 2018ல் மூடியது. ஒயிட்ஸ் 2020ல் மூடியது. இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். டெசோரோ வாழ்நாள் உத்தரவாதம் கொடுத்து விற்றது; கம்பெனியின் வாழ்நாள் முந்திக்கொண்டது. ஓடுகிற வரை ஓட்டுங்கள். டெசோரோவின் ‘ஒரே குமிழ், ஒரே பீப்’ மெஷின்களுக்கு உள்ள, இரும்பு நடுவே பிரித்துச் சொல்லும் சாமர்த்தியம் இன்றைய பல மெஷின்களுக்கே இல்லை என்று சாதிக்கிறவர்கள் உண்டு, எனக்கும் அதில் பாதி சம்மதம். காயிலோ சர்க்யூட்டோ போனால் மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். தேடி அலைந்து வாங்கும் பழைய காயிலின் விலையில் புது மெஷினுக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

சரி, மாற்றுவது என்று முடிவு. எவ்வளவு செலவழிக்க?

வயலும் எப்போதாவது மழையும்தான் என்றால் நோக்டா சிம்ப்ளெக்ஸ் போன்றது போதும். 200, 300 பவுண்டு. தண்ணீருக்குள் முக்கலாம், இருட்டில் திரை ஒளிரும், அதிர்வெண் ஒன்றுதான். கடற்கரை வேண்டும் என்றால் பல அதிர்வெண்ணுக்கு ஒரு படி மேலே போக வேண்டும். இந்த வசதியை நடுத்தர விலைக்கு இறக்கியது 2018ல் விற்பனைக்கு வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600, 800. இப்போது அதே இடத்தில் நோக்டா லெஜண்டும், கேரட் ஏபெக்ஸும், ஈக்வினாக்ஸின் அடுத்த தலைமுறையும் இருக்கின்றன. மைன்லேபின் மான்டிகோர், எக்ஸ்பியின் டியூஸ் 2 எல்லாம் ஆயிரம் பவுண்டைச் சுற்றியும் அதற்கு மேலும். வாரம் ஒரு நாள், கஷ்டமான இரும்பு வயல், ஏற்கெனவே காது பழகியவர் என்றால் மட்டும் அங்கே போங்கள்.

என் கணக்கு இது: ஈக்வினாக்ஸ் வகைக்குப் போன எவரும் திரும்பி வரவில்லை. அதிலிருந்து மான்டிகோருக்குப் போனவர்களில் பாதிப் பேர் ‘வித்தியாசம் இருக்கு’ என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குகிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

தாராளமாக. என் இப்போதைய மெஷினே அப்படி வந்ததுதான். ஆனால் போலிகள் அதிகம். மைன்லேப், கேரட் பெயரில் அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள், பின்பாயின்டரில்கூட. கடை விலையில் பாதிக்குப் புத்தம்புது மெஷின் என்றால் விலகிவிடுங்கள். நேரில் போய், ஒரு பழைய பென்னியும் ஒரு ஆணியும் பாக்கெட்டில் எடுத்துப் போய், மேலே சொன்ன சோதனையை விற்பவர் வீட்டுப் புல்வெளியிலேயே செய்யுங்கள். கட்டிடத்துக்குள் சோதிக்க வேண்டாம், தரைக்குள் இருக்கும் கம்பியே போதும் குழப்ப.

கிடைப்பதை விற்று மெஷின் காசை எடுத்துவிடலாமா?

வீட்டில் இந்தக் காரணத்தைச் சொல்லி அனுமதி வாங்காதீர்கள், பிறகு கணக்குக் கேட்பார்கள். என் பதினொரு வருடக் கண்டெடுப்பில் பெரும் பகுதி பித்தான், ஈயக் குண்டு, தோட்டாவின் பித்தளை அடி. நல்ல நாளில் ஒரு 1797 பென்னி. அது 28 கிராம் எடையுள்ள செம்புத் தட்டு, வண்டிச் சக்கரம் என்றே அதற்குப் பட்டப்பெயர். தேய்ந்து போனதை யாரும் பெரிய விலைக்கு எடுப்பதில்லை.

அசல் புதையல் என்றால் 1996ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 300 வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருளோ, ஒரே இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் அப்படிப்பட்ட காசோ கிடைத்தால் 14 நாளுக்குள் அந்த வட்டாரத்து கொரோனருக்கு (சந்தேக மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம். 2023 ஜூலையிலிருந்து, பொன் வெள்ளி இல்லாவிட்டாலும் 200 வருடத்துக்கு மேற்பட்ட, விதிவிலக்கான வரலாற்று முக்கியத்துவம் உள்ள உலோகப் பொருள்களும் இதில் சேர்ந்துவிட்டன. மியூசியம் எடுத்துக்கொண்டால் பரிசுத் தொகை வரும். வழக்கமாக அதில் பாதி நிலத்துக்காரருக்கு. இது இங்கிலாந்து, வேல்ஸ் கதை. ஸ்காட்லாந்தில் விதி வேறு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமம் இல்லாமல் டிடெக்டரை இறக்குவதே குற்றம், பழையதோ புதியதோ.

புது மெஷின் வாங்கி இரண்டு மாதம். பழையதில் கிடைத்த அளவுகூட இல்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை, காது இன்னும் பழகவில்லை. ஏஸ் 250 மூன்று சத்தத்தில் பேசும். புதுசு ஐம்பது சத்தத்தில் பேசுகிறது. எனக்கு முழுதாக ஒரு சீசன், ஆகஸ்டில் அரிதாள் நின்ற வயலில் ஆரம்பித்து மார்ச் வரை, ஆனது. தொழிற்சாலை வைத்துக் கொடுத்த அமைப்பிலேயே முதல் ஐம்பது மணி நேரம் ஓட்டுங்கள். யூடியூபில் யாரோ சொன்ன எண்களைப் போட்டுக்கொள்வதுதான் பாதிப் பேரின் பிரச்சினை. அவருடைய மண் வேறு. தோண்டும் முன் ‘இது என்னவாக இருக்கும்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தோண்டுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் பழக்கம் வேகமாக வரும்.

ஐம்பது அடி ஆழத்தில் தங்கம் இருப்பதை ஆன்டெனா காட்டுகிறதாம். அதற்கு மாறலாமா?

ஆறாம் அடுக்குக் கணக்கை மறுபடி படியுங்கள். கைப்பிடியில் ஆடும் ஆன்டெனா வைத்த இந்த வகைக் கருவிகளின் பெரியண்ணன் ஏடிஈ 651. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர், தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேடும் வேடிக்கைச் சாமான் ஒன்றை அடிப்படையாக வைத்து அதைச் செய்து, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று ஈராக் அரசுக்கே விற்றார். அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றார்கள். 2013ல் அவருக்குப் பத்து வருடச் சிறை. அந்தக் கருவிக்குள் வேலை செய்கிற எதுவுமே இல்லை.

லீவில் ஊருக்கு எடுத்துப் போகலாமா?

நான் எடுத்துப் போவதில்லை. இந்தியாவில் 1878ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இலங்கையிலும் புதையல் தோண்டக் கருவியோடு போனவர்கள் கைதான செய்தி அடிக்கடி வருகிறது. பாட்டி வீட்டுக் கொல்லையில் தொலைந்த மூக்குத்தியைத் தேடத்தான் என்று ஏர்போர்ட்டில் விளக்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

பழைய மெஷினை என்ன செய்ய?

விற்றால் பெரிதாக வராது. வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்தால், பிள்ளை ‘நானும் வரேன்’ என்றால், புதுசு சர்வீசுக்குப் போனால் கைகொடுக்கும். என் ஏஸ் 250 இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடம். ஸ்னைப்பர் காயிலோடு அந்த ரோமானிய வயலுக்குக் கூட்டிப்போனேன். மூன்றாவது மணி நேரத்தில், நானும் டியூஸ் நண்பரும் பல தடவை நடந்த வரப்போரத்தில், ‘டிங்’ என்றது. பரணில் போடுவதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.